இரண்டு கெப், ஒரு கயிறு

ரொபின்சனுக்குக் கோபம் வந்தால் வாய் திறப்பதற்கு முன்னால் கை எழும்பிவிடும். ஊரில் சிலபேர் தூசணத்தால் திட்டி ஆறுவார்கள். சிலபேர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்ப் படுப்பார்கள். இவனுக்கு அந்த மினக்கேடெல்லாம் கிடையாது. மண்டபம் அகதி முகாமில், தண்ணீர்க் குழாயடியில் வரிசையைக் குழப்பிய ஒரு தடியனின் மூக்கை வாளியால் உடைத்தபோது இவனுக்குப் பதினேழு வயது. தடியனுடைய கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? நாலு பேராகச் சேர்ந்து மிதித்ததில் இடது காது பாதிக்குமேல் செவிடாகிப்போனது. அன்றைக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். "மூக்கை உடைச்சுப்போட்டுத்தானே விழுந்தனான்" என்று அந்தக் காதைத் தடவிக்கொண்டு இன்றைக்கும் சொல்லுவான்.

ஒரு பெருமை மட்டும் அவனுக்கு இருந்தது. கலியாணம் கட்டிப் பதினைந்து வருசமாக மனைவி சுகந்தினியை அவன் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பெண்சாதியை அடிக்காததற்குப் பதக்கம் கேட்கிற மனிதனை என்ன செய்வது? சுகந்தினி சிரித்துவிட்டுப் போவாள். முகாமில் அடுத்த கொட்டிலில் வளர்ந்தவள். அவனுடைய கோபம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள்.

சண்டை முடிந்தபின், இரண்டாயிரத்துப் பதினொன்றில், இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினார்கள். மன்னார்ப் பக்கம், அரிப்புக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிற சின்ன ஊர், சந்தியோகு துறை. ஊருக்கு வடக்குக்கரை, தெற்குக்கரை என்று இரண்டு கரை, ரொபின்சன் தெற்குக்கரைக்காரன். வீடு இருந்த இடத்தில் உடைமரம் பற்றையாக வளர்ந்திருந்தது. கோயிலுக்குக் கூரை இல்லை. வலை இல்லை, வள்ளம் இல்லை. ரொபின்சனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வாகனம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் பத்து வருசம் சுமை வண்டி ஓட்டினவன். சுகந்தினியின் தாலிக்கொடியைக் கொடுத்து, பழைய சிங்கிள் கெப் ஒன்றை எடுத்தான். முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த பெட்டி. பின்சில்லு இரண்டும்தான் இழுக்கும், முன்சில்லு திரும்புவதற்கு மட்டும்.

அந்தக் கெப்பை வைத்துத்தான் வள்ளங்களைக் கரையேற்றினான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் வள்ளங்களைக் கடலோரத்தில் விடமுடியாது. மணல் மேட்டுக்கு அப்பால் இழுத்துப் போடவேண்டும். போருக்கு முன்னர் ஒரு வள்ளத்துக்கு இருபது பேர் தோள் கொடுத்தார்கள். இப்போது அந்த இருபது தோள்கள் எங்கே? பாதி கல்லறையில், மீதி கனடாவில். அதனால் ரொபின்சனின் கெப் இல்லாமல் எந்த வள்ளமும் மேடு ஏறவில்லை. இரண்டு பருவம் அவன் ராசாவாக இருந்தான்.

மூன்றாவது பருவத்துக்கு றெக்சன் வந்தான். வடக்குக்கரைக்காரன், ரொபின்சனின் வயதுதான். வன்னியில் கடைசி வரைக்கும் நின்று, முதுகில் ஒரு செல் துண்டோடு தப்பினவன். கண்ணிவெடி அகற்றுகிற ஒரு நிறுவனத்தில் சாரதியாக இருந்து, அவர்கள் போகும்போது ஏலத்தில் விட்ட டபுள் கெப் ஒன்றை எடுத்து வந்திருந்தான். பின்னுக்கும் ஆசனம் வைத்த பெரிய வாகனம். நாலு சில்லும் இழுக்கும். கியர்த் தடிக்குப் பக்கத்தில் சின்னத் தடி ஒன்று, அதை லோவில் போட்டால் வாகனம் நத்தை மாதிரிப் போகும், ஆனால் எதையும் இழுக்கும். வந்த முதல் கிழமையே, ரொபின்சன் மூன்று தரம் புதைந்து புதைந்து ஏற்றுகிற பெரிய வள்ளம் ஒன்றை ஒரே மூச்சில் மேட்டுக்கு ஏற்றிவிட்டான். கரையில் நின்ற சனம் கைதட்டியது. கைதட்டியவர்களில் தெற்குக்கரைக்காரரும் இருந்ததுதான் ரொபின்சனுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கடையில் அது வெடித்தது.

"நாலு சில்லும் இழுக்கிறதெண்டால் இழுவைதான்" என்றான் றெக்சன், யாருக்கோ சொல்லுகிற மாதிரி. "சில பேற்றை வண்டியிலை முன்சில்லு ரெண்டும் பவனியிலை கொடி பிடிச்சுக்கொண்டு போற பொடியள் மாதிரி. நடக்கும், பாரம் தூக்காது."

"வெறும் பெட்டியோடை நாலு சில்லு என்னத்துக்கு?" ரொபின்சன் கிளாசை வைத்தான். "பின்பெட்டியிலை பாரத்தை ஏத்தி, ரயர்க் காத்தை அரைவாசி இறக்கிப்போட்டுப் பார். ரெண்டு சில்லு மண்ணைக் கவ்விப் பிடிக்கும். உன்ரை ரயர் கிறவல் றோட்டிலை ஓடுற ரயர். கல்லு மாதிரி இறுகிப்போய்க் கிடக்கு. உனக்கு மணலைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்கு மணல் தெரியாதோ? கண்ணிவெடி புதைச்ச மணலிலை ஓட்டினனான். உன்னை மாதிரி சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடிப்போய் உப்பு அள்ளேல்லை."

அவ்வளவுதான். மேசை கவிழ்ந்தது, கிளாசுகள் நொருங்கின. முதல் குத்திலேயே றெக்சனின் முன்பல் ஒன்று தெறித்து, வடைத் தட்டில் போய் விழுந்தது. றெக்சனும் லேசுப்பட்டவன் அல்ல. கதிரையைத் தூக்கி ரொபின்சனின் விலாவில் இறக்கினான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து உருண்டு வாசலுக்கு வந்தார்கள். வாசலில் ரொபின்சன் மேலே ஏறி இருந்துகொண்டு, தலையைப் பிடித்துச் சீமெந்தில் இடித்தான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். நாலாவது தரத்துக்குச் சனம் பிடித்து இழுத்துவிட்டது. இல்லாவிட்டால் அன்றைக்கே ஒரு கொலை விழுந்திருக்கும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, கடைக்காரன் நடராசா இன்றைக்கும் அந்தச் சீமெந்துக் கறையைக் காட்டுவான்.

கோயில் சபைத் தலைவர் அமிர்தநாயகம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர், மெல்லப் பேசுவார். கரையேற்றும் வேலையை இனி ஒருவர்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஊர் இரண்டாகிவிடும் என்றார். சபையில் பலருக்கு றெக்சன் பக்கம்தான் மனம். நாலு சில்லு வாகனம், வேலை கெதியாக முடியும். ரொபின்சனுக்கு அது விளங்கியது. அந்த வேலை போனால் கெப்பை விற்கவேண்டும். விற்றால் மற்றவன் வள்ளத்தில் கூலிக்குப் போகவேண்டும். கடலில் மூன்று மணித்தியாலம் நின்றால் வாந்தி எடுக்கிறவனை யார் கூலிக்கு எடுப்பார்கள்?

"கயிறு இருக்குத்தானே" என்றான் ரொபின்சன். "கயிறு சொல்லட்டும்."

சந்தியோகு துறையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சோளகத்துக்கு முன்னர் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் அறையில் இருக்கும் நங்கூரக் கயிற்றை எடுத்து வந்து வடக்குக்கரையும் தெற்குக்கரையும் இழுக்கும். எந்தக் கரை வெல்லுகிறதோ அந்தக் கரையின் வள்ளங்கள் முதலில் மேடேறும். கரையேற்றத்துக்குத் தலைவனும் அந்தக் கரையில்தான். கரைக்கு நாற்பது ஆம்பிளை என்று இழுத்த காலம் அது. இப்போது கரைக்குப் பத்துப் பேர் தேறாது. வழக்கம் இருபத்துச் சொச்சம் வருசமாகக் கிடப்பில் கிடந்தது.

"மனுசர் காணாதெண்டால் கெப்பைக் கட்டுவம்" என்றான் ரொபின்சன். "ரெண்டு முனையிலும் ரெண்டு கெப். நடுவிலை சிவப்புத் துணி. துணி எந்தக் கரைக்குப் போகுதோ அந்தக் கரைக்கு வேலை."

அமிர்தநாயகம் சம்மதித்தார். ஆனால் ஒன்றில் பிடிவாதமாக நின்றார். "ஒவ்வொரு வீட்டுக் கையும் கயிற்றிலை இருக்கவேணும். அதுதான் வழக்கம். கெப் இழுக்கட்டும், சனம் தொட்டுக்கொண்டு நிண்டால் காணும்." யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. கயிறு என்றால் பிடிக்கத்தானே வேண்டும்?

பிழை தெரிந்த ஒரே ஆள் வெளியாள். சிலாவத்துறையில் கராஜ் வைத்திருந்த ஜமால்தீன். புத்தளத்தில் இருபது வருசம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு வந்தவர். ரொபின்சன் கெப்பைக் கொண்டுபோய் அவரிடம் விட்டு, எஞ்சினின் வலுவைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொன்னான்.

"எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வேலையில்ல தம்பி" என்றார் ஜமால்தீன், கெப்பின் கீழே படுத்துக்கொண்டே. "இழுவை ரயருக்குக் கீழ இரிக்கி. மண்ணு எவ்வளவு புடிக்குதோ அவ்வளவுதான் இழுவை. முதுகுக்கு முதுகு கட்டி இழுத்தா ரெண்டு வண்டிக்கும் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும். அவன்ட முன்சில்லு ரெண்டும் அப்ப பாதி வேலைதான் செய்யும். அதான் ஒனக்கு வாய்ப்பு. பின்பெட்டில மணல் மூட்டை ஏத்து. காத்த எறக்கு."

"அப்ப வெல்லுவன்?"

"நிண்டு இழுத்தா வெல்ல மாட்டாய். அவன்ட வண்டி பாரம் கூட, லோ கியரும் இரிக்கி. ஆறுதலா இழுத்து ஒன்னக் கொண்டு போயிருவான்." ஜமால்தீன் வெளியே வந்து கையைத் துடைத்தார். "ஒரு வழிதான் இரிக்கி. கயித்தத் தளர விட்டு, பாய்ஞ்சு வெட்டி இழுக்கணும். ஆனா கயித்துல ஆக்கள் கை வைக்கிறாங்கன்டு கேள்விப்பட்டன். அப்படியெண்டா அதச் செய்யாத. வாகனம் இழுக்கிற கயித்துல மனுசன் கை இரிக்கப்படாது. நீ சொன்னா நிப்பாட்டுவாங்க, சொல்லு."

ரொபின்சன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அமிர்தநாயகம் போட்டியையே நிறுத்தியிருப்பார். நிறுத்தினால் வேலை றெக்சனுக்கு. கேட்டதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வெய்யில் கொளுத்தியது. கடற்கரையில் இரண்டு கெப்பும் முதுகுக்கு முதுகாக நின்றன, நடுவில் நூறு முழக் கயிறு. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி, அதற்கு இரண்டு பக்கமும் எல்லைக்கு ஒவ்வொரு தடி நட்டிருந்தது. ரொபின்சனின் பெட்டியில் இருபது மணல் மூட்டை, பின்ரயர்கள் காற்றிறங்கிப் பரந்து கிடந்தன. அந்தப் பக்கம் றெக்சன், ஓட்டைப் பல்லோடு, எவரையும் பார்க்காமல் ஏறி இருந்தான். கயிற்றின் இரண்டு பக்கமும் சனம் வரிசையாக நின்று வீட்டுக்கு ஒரு கை வைத்தது. தெற்குக்கரை வரிசையில், ரொபின்சனின் கெப்புக்குக் கிட்ட, இடது பக்கமாகச் சுகந்தினி நின்றாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள் கண்ணாடிப் பக்கமாக வந்து. "வெண்டாலும் தோத்தாலும் அந்தாளிலை கை வைக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம், ஓம். நீ போய்க் கயிற்றைப் பிடி."

அமிர்தநாயகம் வெள்ளைத் துணியை இறக்கினார். இரண்டு எஞ்சினும் உறுமின. கயிறு நிலத்தை விட்டு எழும்பி, இறுகி, முனகியது. ரொபின்சனின் பின்சில்லுகள் முதலில் நன்றாகவே பிடித்தன. ஒரு முழம் அவன் பக்கம் வந்தது. தெற்குக்கரை கூவியது. பிறகு அந்தப் பக்கம் லோ கியர் வேலை செய்யத் தொடங்கியது. அவசரம் இல்லை, ஆவேசம் இல்லை, ஒரே அளவாக. ரொபின்சனின் சில்லு சுழன்று மணலை வாரி இறைத்தது, கெப் பின்னுக்கு நகர்ந்தது. ஒரு முழம், இரண்டு முழம். சிவப்புத் துணி வடக்குத் தடியை நோக்கிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தான். தேத்தண்ணிக் கடையில் கேட்ட சொல்லெல்லாம் தலைக்குள் திரும்பக் கேட்டது. கண் மண் தெரியவில்லை.

காலை எடுத்தான். ரிவேர்சில் போட்டுக் கெப்பைப் பின்னுக்கு விட்டான். கயிறு தொய்ந்து மணலில் விழுந்தது.

கயிறு தொய்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று அந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தகப்பன்மார் இழுத்ததைச் சின்னதில் பார்த்தவர்கள். தொய்ந்த கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிக்காலை ஊன்றி நிற்கவேண்டும், விடக்கூடாது. மனிதர் மனிதரை இழுக்கிற கயிற்றுக்கு அது சரி. வரிசையில் பலர் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். சுகந்தினி எடுக்கவில்லை. புருசன் தோற்கிறான் என்று நினைத்தாள். தொய்ந்த கயிற்றை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள்.

அதை றெக்சன் தன் கண்ணாடியில் கண்டான். ஹோர்னை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். பக்கத்தில் நின்ற சனமும் கத்தியது. ஆனால் கத்தல் வந்தது ரொபின்சனின் இடது பக்கத்திலிருந்து, அந்தக் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஹோர்ன் மட்டும் கேட்டது. தன்னை நக்கலடிக்கிறான் என்று நினைத்தான்.

முதல் கியரில் போட்டு, முழுக் காலையும் அழுத்திப் பாய்ந்தான்.

கயிறு ஒரே வெட்டில் இறுகியது. கெப் ஒருகணம் திணறி, பிறகு பிய்த்துக்கொண்டு ஓடியது. றெக்சனின் கெப் பின்னால் இழுபட்டு வந்தது. பத்து முழம், இருபது முழம், துணி தெற்குத் தடியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ரொபின்சன் ஸ்டியரிங்கில் குத்திக் குத்திக் கத்தினான். வென்றுவிட்டான்! இரண்டு சில்லால் நாலு சில்லை இழுத்துவிட்டான்! கெப் கடைசியில் அச்சுவரை புதைந்து நின்றது. கதவைத் திறந்தபோது, றெக்சன் கைகளை விரித்துக்கொண்டு தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டான்.

அடிக்கத்தான் வருகிறான். வேறு எதற்கு வருவான்?

ஆசனத்துக்குக் கீழே இருந்த சில்லுக் கழற்றும் இரும்புத் தடியை எடுத்து, றெக்சன் வாய் திறப்பதற்குள் நெற்றியில் போட்டான். றெக்சன் முழந்தாளில் விழுந்தான். கண்ணெல்லாம் இரத்தம். ரொபின்சன் இரண்டாவது அடிக்குத் தடியை ஓங்கினான்.

"டேய் விசரா" என்றான் றெக்சன், கையால் பின்பக்கத்தைக் காட்டி. "உன்ரை மனிசி."

சுகந்தினி கெப்புக்குப் பின்னால், மணலில் முகம் குப்புறக் கிடந்தாள். இருபது முழம் இழுபட்டிருந்தாள். வலது கை இன்னும் கயிற்றில்தான் இருந்தது. நடுவிரல்கள் மூன்றும் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையில் நசிந்து, தோலில் தொங்கின. மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் கத்தவில்லை. வாயில் மணல் நிறைந்திருந்தது.

ரொபின்சன் தடியைக் கீழே போட்டுவிட்டு ஊளையிட்டான். கயிற்றை அறுக்கக் கத்தி கேட்டான். கத்தி வந்தபோது அவள் தலையைத் தூக்கி, வாயிலிருந்த மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். அந்நேரம் சிலாவத்துறையிலிருந்து வந்துசேர்ந்திருந்த ஜமால்தீன்தான் அறுத்தார், தன் சாரத்தைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினார். ரொபின்சன் அவளைத் தூக்கிக்கொண்டு தன் கெப்புக்கு ஓடினான். சில்லு பாதி மணலுக்குள் இருந்தது. ஏறி அழுத்தினான், இன்னும் புதைந்தது. கதவில் தலையை அடித்தான்.

"இஞ்சாலை கொண்டு வா" என்று றெக்சன் கத்தினான். ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு தன் கெப்பில் ஏறியிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பின் ஆசனத்தில் சுகந்தினியை மடியில் போட்டுக்கொண்டு இருந்தபோது, ரொபின்சனின் கண் கியர்த் தடியில் விழுந்தது. பெரிய தடியும் சின்னத் தடியும் இரண்டும் நியூற்றலில் இருந்தன. கைபிறேக் போடப்படவில்லை. வாகனம் ஓட்டுகிறவனுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கயிறு அவள் கையை இறுக்கக்கூடாது என்பதற்காக, தன் கெப் இளகிப் போகட்டும் என்று, றெக்சன் இழுவையை முழுக்க விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்திருக்கிறான். இரண்டு தொன் இரும்பு நியூற்றலில் நின்றாலும் பாரம் பாரம்தான், அதனால் விரல்கள் தப்பவில்லை. ஆனால் இறுக்கிப் பிடித்து நின்றிருந்தால் கை முழங்கையோடு போயிருக்கும் என்று பிறகு ஆசுபத்திரியில் சொன்னார்கள்.

றெக்சன் சின்னத் தடியைப் போட்டு நாலு சில்லையும் இழுக்கவிட்டான். தார் றோட்டுக்கு இரண்டு மைல் மணல். ரொபின்சனின் கெப் சுற்றிச் சுற்றிப் போகிற வழி. இது நேரே ஏறிப் போனது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. றெக்சனின் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்து ஸ்டியரிங்கில் சொட்டியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். மன்னார் ஆசுபத்திரி வரைக்கும் ரொபின்சன் அழுதான்.

மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். றெக்சனுக்கு நெற்றியில் பதினொரு தையல். ரொபின்சனைப் பொலிசு பிடித்து எட்டு நாள் உள்ளே வைத்திருந்தது. றெக்சன் முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அவன்ரை மனிசியை ஆர் பாக்கிறது?" என்றானாம்.

இதற்கு மேல்தான் ஊரின் கூத்து. ரொபின்சன் வெளியே வந்தபோது அமிர்தநாயகம் சபையைக் கூட்டியிருந்தார். துணி தெற்குக்கரைக்குத்தான் போனது, நூறு பேர் கண்டார்கள், வழக்கம் வழக்கம்தான் என்று முடிவு. கரையேற்றும் வேலை ரொபின்சனுக்கு! அவன் எழும்பி, தனக்கு வேண்டாம், றெக்சனுக்குக் கொடுங்கோ என்றான். றெக்சன் வாசலில் நின்றபடி சொன்னான், "நீ வெண்டனி. நீயே இழு." பிறகு போய்விட்டான். அடுத்த மாதம் டபுள் கெப்பை எடுத்துக்கொண்டு மறிச்சுக்கட்டிப் பக்கம் கல்லு மண் ஏற்றப் போனவன், திரும்பி வரவே இல்லை.

ரொபின்சன் இழுத்தான். வேறு வழி இல்லை. அந்தப் பருவமும் அடுத்த பருவமும், புதைந்து புதைந்து, எல்லா வள்ளத்தையும் அவன்தான் மேடேற்றினான். கயிற்றை இப்போது அவன்தான் கட்டுவான், முப்பது முழத்துக்குள் ஒருத்தரையும் நிற்க விடமாட்டான். அந்த நாளுக்குப் பிறகு அவன் யாரையும் அடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவதும் இல்லை.

இரண்டு வருசம் கழித்து, கொண்டச்சியில் இருந்து ஒருவர் வந்தார். கெப் ஒன்று எடுக்க யோசிக்கிறாராம். பின்சில்லு இழுக்கிறது எடுக்கிறதா, நாலு சில்லும் இழுக்கிறது எடுக்கிறதா என்று கேட்டுப்போக வந்தவர். முன்னர் என்றால் ரொபின்சன் அந்தக் கேள்விக்கு அரை மணித்தியாலம் விடை சொல்லுவான். அன்றைக்கு உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னான்.

"நீங்கள்தானே ரெண்டு சில்லாலை நாலு சில்லை இழுத்து வெண்டவர்?" என்றார் வந்தவர். "ஊரெல்லாம் கதைக்குது."

சுகந்தினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெருவிரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில் கிளாசைப் பிடித்து அவருக்கு நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினார்.

"நியூற்றலிலை நிண்டதைத்தான் இவர் இழுத்தவர்" என்றாள் அவள். "குடியுங்கோ, ஆறப்போகுது."